மண்டப வாசலில் நின்ற என் தங்கை

அன்பு மணக்கும் இந்த அவைக்குத் தலைமை தாங்கும் சபை ஆயர் அருள்திரு அருள்செல்வன் ஐயா அவர்களே! உட்காருங்கள் என்று நான்கு முறை சொல்லியும் எழுந்து நின்றே எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருக்கும் சபைப் பெரியவர்களே! பகலெல்லாம் பனியன் கம்பெனியில் நின்று களைத்த கால்களை, இப்போதுதான் பாயில் நீட்டி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைக்க வந்து, எங்கள் ஊரையே பிழைக்கவைத்த பெருமக்களே! ஒடிசாவிலிருந்து வந்து, என் தமிழ் பாதி புரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே! பனி மெல்ல இறங்கும் இந்த மார்கழி மாலையில், காகித நட்சத்திரங்கள் காற்றில் கண்சிமிட்டும் இந்தக் கிறிஸ்துமஸ் மேடையில், திருமூர்த்தி என்னும் நான் உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் கேட்கிறார்: "நெத்தியில திருநீறு பூசியிருக்காவளே, இவுக நம்ம ஆளா?" காதில் விழுந்ததுங்க அம்மா. நான் உங்க ஆளு இல்லீங்க. உங்க ஆளு ஒருத்தியோட அண்ணனுங்க.

என் தங்கை பெயர் சாரதாமணி. அதோ, பாடுகிறவர்கள் நடுவில், முந்தானையை இழுத்து முகத்தை மறைக்கிறாளே, அவளேதான். "என்னையப் பத்திப் பேசாதீங்ணா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். வேறு எதைப் பேசுவேன்? விசுவாசம் என்ற சொல்லைப் பற்றிப் பேசும்படி ஆயர் ஐயா என்னை அழைத்தார். அந்தச் சொல்லுக்கு நான் கண்ணால் கண்ட பொருள் அவள் ஒருத்திதான்.

ஊத்துக்குளி சாலையில் எங்கள் வீடு. கீழே கம்பெனி, மேலே குடித்தனம். காதர்பேட்டையில் அப்பாவுக்கு ஒரு பனியன் கடையும் உண்டு. அப்பா பெயர் மகுடேஸ்வரன். படிப்பு முடித்த சாரதா, கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்டாள். துணியிலிருந்து பறக்கும் பஞ்சுத்தூள், ஜன்னல் வெயிலில் மிதந்து மிதந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாராதவர் இங்கே யார் இருக்கிறீர்கள்! இரைச்சல் எல்லாம் ஓய்ந்த டீ நேரத்தில், அந்த வெள்ளை மிதப்பின் நடுவே, கண்களை மூடி, உதடு மட்டும் அசைய, ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். பெயர் ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஓவர்லாக் மிஷினில் தைப்பவர். பிறந்த பதினோராம் நாள் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு, அடுத்த மாதமே வேலைக்குத் திரும்பியவர்.

ஒருநாள் சாரதா அவரிடம் கேட்டிருக்கிறாள். "ஏனுங்க, ஆருகிட்டப் பேசறீங்க?"

"ஆண்டவருட்டதான் பேசுதேன் மேடம்."

"புள்ளையக் குடுத்துட்டு எடுத்துட்டாரே, அவரு மேல கோவம் வர்லீங்களா?"

"வராம எப்படி மேடம்? அந்தக் கோவத்தையும் அவருட்டதான் சொல்லுதேன். எந்திரிச்சுப் போயிராம, உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காரு."

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் கோபத்தையும் உட்கார்ந்து கேட்கிற ஒருவர் என்ற நினைப்பு, அரைத்தூக்கத்தில் தூரத்துக் குரல் கேட்பதுபோல அவளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. துணியை விரிக்கும்போது கேட்டது. மடிக்கும்போது கேட்டது. யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. யாரும் ஆசை காட்டவில்லை. மழை ஊறுவதுபோல, மண்ணுக்கே தெரியாமல், அது மெதுவாக ஊறியது. இரண்டு வருடம் ஊறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா தோசை வார்த்துக்கொண்டிருக்க, சாரதா சொன்னாள்: "அப்பா, நான் இயேசுவ நம்பறேனுங்க. இன்னைக்கு சர்ச்சுக்குப் போறேனுங்க."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "ஆரு கண்ணு உன்னைய மயக்குனது?"

"ஆரும் மயக்கலீங்ப்பா. நானாத்தான் போனேன்."

"சொந்தபந்தத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"எம்புள்ளை எங்கிட்டப் பொய் சொல்லலைன்னு சொல்லுங்ப்பா."

அப்பா எழுந்தார். "அங்க போறதுன்னா, திரும்பி இந்த ஊட்டுப் படி ஏறாதே."

அவள் போனாள். ஒரு பையோடு போனாள். அவளை மாற்றியது இவர்தான் என்று முடிவு கட்டி, அடுத்த நாள் ரோஸ்மேரியை வேலையிலிருந்து நிறுத்தினோம். நிறுத்தச் சொன்னவர் அப்பா. போய்ச் சொன்னவன் நான். அந்த அம்மா கத்தரியைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். வேலையைப் பறித்த வீட்டின் பெண்ணுக்குத் தன் ஒற்றை அறை லைன் வீட்டில் பாய் விரித்துக் கொடுத்தவரும் அவரேதான்.

கை தட்டாதீங்க. பொறுங்க. இது என் வெட்கம். இதற்குக் கைதட்டல் வேண்டாமுங்க.

நாலு வருடம், ஐயா! வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். கூடி விளையாடிய சொந்தங்கள் பஸ்ஸில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. "நம்ம சாமியத் திட்டறாளாமா" என்று ஊரில் ஒரு பேச்சு. திட்டினாளா? ஒரு சொல்? ஒரே ஒரு சொல்? என் அம்மாவைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை ஒளிந்து ஒளிந்து அவளோடு போனில் பேசுவாரே, அந்த அம்மாவைக் கேளுங்கள். "மாரியம்மன் பொங்கலுக்கு மாவெளக்கு எடுத்தீங்களாம்மா? கால் வலியோட நடந்தா போனீங்க?" என்றுதான் கேட்பாளாம்.

பிறகு என் கல்யாணம் வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவள் தலையில் பேழையும் கையில் நீர்ச்செம்புமாக வந்து, அண்ணன் பக்கத்தில் அமர்வாள். "உனக்கு ஒருத்தி வந்தாலும், என் உறவு அறாது" என்று ஊரறியச் சொல்லும் சீர் அது. எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதானே!

சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் கன்னையன் ஐயாவும் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். முடிவாக அப்பா சொன்னார்: "கோயிலுக்கு வந்து திருநீறு பூசட்டும். எல்லார் முன்னாடியும், 'இனி அங்க போகமாட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னா, எம்மகளே பேழை தூக்கட்டும்."

அந்த நிபந்தனையைச் சுமந்துகொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். நாலு வருடம் கழித்துப் போகிறேன். தண்ணீர் கொடுத்தாள். குடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஒரே வார்த்தைதானே கண்ணு," என்றேன். "வாயில சொல்லிப்போட்டு, மனசுக்குள்ள என்ன வேணாலும் வெச்சுக்கோ."

அவள் என்னையே பார்த்தாள். "நான் பேழை தூக்கறேனுங்ணா. செம்பு எடுக்கறேன். உங்க பக்கத்துல உக்கார எனக்கு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா அந்த ஒரு வார்த்தை பொய்யிங்ணா. பொய் சொல்லிட்டு வந்து உக்காந்தா, அது உங்களுக்கு நான் செய்யற சீராகுமா?"

"அப்ப எனக்குத் தங்கச்சி இல்லையா?"

"இருக்கறேனுங்ணா. எங்க நிக்கச் சொல்றீங்களோ அங்க நிக்கறேன்."

கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். பிடிவாதக்காரி என்றேன். கல்நெஞ்சக்காரி என்றேன். சந்து முனைவரை சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டியைக் கிளப்பும்போதுதான் தெரிந்தது, என் முகம் நனைந்திருந்தது.

அவிநாசி சாலையில் மண்டபம். விடிகாலை முகூர்த்தம். எதிரே வருபவர் முகம் தெரியாத பனி. விளக்குகள் எல்லாம் பாலில் மிதப்பதுபோல இருந்தன. எனக்கு அந்தக் காலை முழுவதுமே யாரோ கண்ட கனவில் நான் நடந்ததுபோலத்தான் நினைவிருக்கிறது. இணைச்சீருக்குச் சித்தப்பா மகள் அக்ஷரா வந்து அமர்ந்தாள். "சாரதாக்கா வாசல்ல நிக்கறாங்ணா," என்றாள் காதோடு. "பெரியப்பா உள்ள விடலை."

என்ன செய்திருக்க வேண்டும் நான்? எழுந்திருக்க வேண்டாமா? மாலையோடு ஓடியிருக்க வேண்டாமா? "என் தங்கையை விடுங்கள்" என்று அந்த மண்டபம் அதிரக் கத்தியிருக்க வேண்டாமா? ஐயா, பெரியவர்களே, நான் குனிந்து என் கால் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம்பிக்கை இருந்தவள் வாசலில் நின்றாள். நாக்கு இருந்தவன் மேடையில் ஊமையாக இருந்தான்.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாண வீடியோ வந்தது. வீடே கூடி உட்கார்ந்து பார்த்தோம். கெட்டிமேளம் கொட்டும் நேரம், வெளியே நின்ற இன்னொரு கேமரா எடுத்ததைச் சேர்த்திருந்தார்கள். வாழைமரம், அலங்கார வளைவு, பனி. அந்தப் பனிக்குள், சாலையோர வேப்பமரத்தடியில், சாம்பல் நிறச் சேலையில் ஓர் உருவம். மேளச் சத்தம் கேட்டதும் இரண்டு கைகளையும் மண்டபத்தை நோக்கி உயர்த்துகிறது. கண் மூடியிருக்கிறது. உதடு அசைகிறது. மேளம் ஓய்ந்த பிறகும் கை இறங்கவில்லை.

அட்சதை தூவ உள்ளே விடாத எங்களுக்கு, வெளியே நின்று ஆசி கொடுத்துக்கொண்டிருந்தாள்!

"நிறுத்து," என்றார் அப்பா. நிறுத்தினேன். "இன்னொருக்கா போடு." போட்டேன். மூன்றாம் முறையும் போடச் சொன்னார். பிறகு எழுந்து மொட்டைமாடிக்குப் போனார். அன்றைக்குச் சாப்பிட வரவில்லை.

ஒரு வாரம் அப்படியே போனது. அடுத்த ஞாயிறு மதியம், யாரிடமும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். லைன் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது ரோஸ்மேரி. அப்பா ஒரு நிமிடம் தடுமாறினார்.

"அம்மிணி, உங்களுக்கு நாங்க பண்ணுனது தப்புங்க," என்றார்.

ரோஸ்மேரி பதறிப்போய், "உள்ள வாங்க ஐயா, வெயில்ல நிக்காதிய," என்றார்.

சத்தம் கேட்டு சாரதா வந்தாள். அப்பாவும் மகளும் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊட்டுக்கு வா கண்ணு."

"நான் மாறலீங்ப்பா."

"தெரியும். நானும் மாறலை. சாப்பாட்டுக்கு வா."

என் வாழ்நாளில் நான் கேட்ட மிகப் பெரிய மேடைப்பேச்சு அதுதாங்க! மூன்றே வாக்கியம். அன்று எங்கள் வீட்டில் அவள் கண்ணை மூடி நன்றி சொல்லி முடிக்கும்வரை, அப்பா சோற்றில் கை வைக்காமல் காத்திருந்தார்.

இப்போது தட்டுங்கள்! ஆனால் கதை இங்கே முடியவில்லை. முடிந்திருந்தால் இனிப்பாக இருந்திருக்கும். அவளை வீட்டில் சேர்த்ததற்காக, சொந்தத்தின் கோபம் அப்பா பக்கம் திரும்பியது. எங்கள் குலதெய்வக் கோயில் பொங்கலில், காலங்காலமாக எங்கள் வீட்டுக்கு முதல் பரிவட்டம் கட்டும் வழக்கம் உண்டு. போன வருடம் அப்பாவைக் கூப்பிடவில்லை. ஊரே பார்க்க, வேறொருவருக்குக் கட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. "வாங்கப்பா, போகலாம்" என்று கையைப் பிடித்தேன்.

கூட்டத்தின் கடைசியில், பொங்கல் புகை படிந்த முகத்தோடு, அப்பா அமைதியாகச் சொன்னார்: "எம்புள்ளை நாலு வருசம் வெளியில நின்னா. நின்னுட்டு நம்மளத் திட்டலை. நான் ஒரு நாள் நிக்கறதுக்கு என்ன வந்துச்சு? எஞ்சாமிய நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்."

அன்பான தாய்மார்களே, தம்பிகளே! உங்களுக்கும் ஒருநாள் யாராவது சொல்லக்கூடும்: ஒரே ஒரு வார்த்தை சொல், உள்ளே வா, உன் ஆண்டவரைத் தெரியாது என்று சொல், உறவு தருகிறோம், சொல்லாவிட்டால் வெளியே நில் என்று. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அம்மா குரல் கேட்டு வருடங்கள் ஆனவர்கள்? எத்தனை பேர் அண்ணன் கல்யாணத்தைப் போட்டோவில் மட்டும் பார்த்தவர்கள்? உங்கள் சாமியைக் கும்பிடாத நான், உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்! பயத்தில் சொல்லாதீர்கள், பாசத்தில் சொல்லாதீர்கள், பசியில்கூடச் சொல்லாதீர்கள்! நில்லுங்கள். ஆனால் வாழ்த்திக்கொண்டு நில்லுங்கள்! வைதுகொண்டு நின்றவர்கள் யாரும் என் அப்பாவை அசைக்கவில்லை. என்னை அசைக்கவில்லை. வாழ்த்திக்கொண்டு நின்ற ஒருத்திதான் எங்களுக்கு விசுவாசத்தை மதிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

ஒரு நிமிடம். அங்கே, பின்னால், தூணுக்குப் பக்கத்தில், நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டிருக்கும் பெரியவர்... அப்பா! நீங்க எப்ப வந்தீங்க? அழைப்பிதழ்கூடக் கொடுக்கலையே! முன்னால வாங்கப்பா. மேடைக்கு வாங்க. என்னங்க? கேக்கலீங்க. "இங்கயே இருக்கறேன்"ங்கறார். சரிங்கப்பா, உங்க விருப்பம்.

பாருங்கள், நான் கூப்பிட்டு வராதவரை நோக்கி ஒருத்தி பாட்டுக்காரர்களை விட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகிறாள். வழி விடுங்க அம்மா, கொஞ்சம் வழி விடுங்க. போகட்டும். அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தரையில் விரிக்கிறாள். அவர் உட்கார்ந்துவிட்டார். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு மேல் பேச எனக்குக் குரல் இல்லீங்க. கூப்பிட்ட ஆயருக்கும், கேட்ட உங்கள் காதுகளுக்கும், வேலை பறித்தவனுக்கு இன்று வந்தவுடன் டீ கொடுத்த ரோஸ்மேரி அம்மாவுக்கும் என் நன்றி. பிறந்தநாள் கொண்டாடும் உங்கள் ஆண்டவருக்கு, பக்கத்து ஊட்டுக்காரனின் வணக்கம். வர்றேனுங்க.