அவசரத்துக்கு எப்படிப் பிடிப்பது

கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் புறப்பட்டதும் முன் சீட்டில் ஒரு பெண் உரக்கச் சொன்னாள்.

"நான் வேலய விடல்ல. போனத்தான் விட்டுட்டு வந்தன்."

பக்கத்திலிருந்த இளையவள் திரும்பினாள். "என்ன ராத்தா சொல்றீங்க?"

"கம்பனி தந்த போன மனேஜர்ர மேசையில வெச்சிட்டு வந்துட்டன்."

"ஏன்?"

"வாப்பாட ஜனாஸா வீட்டுல இருக்கக்குள்ள அந்த மனிசன் கோல் எடுத்தாரு. கம்பியூட்டர்ர பாஸ்வேர்ட் வேணுமாம்."

"வாப்பா மௌத்தானது அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். அண்டைக்கு விடிய சுபஹோட நான்தான் சொன்னன். எல்லாரும் அழுற சத்தத்துல ஒண்டும் கேக்கல்ல எண்டு குசினிக்குள்ள போய்க் கதைச்சன். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக் குடுத்துட்டு வெளிய வாறன், வாப்பாவத் தூக்கிட்டாங்க. கடைசியா முகம் பார்க்கக் கிடைக்கல்ல புள்ள."

இளையவள் அவளது கையைப் பிடித்தாள். அவள் உதறிவிட்டாள்.

"இண்டைக்குப் போன வெச்சதும் என்ன கேட்டாரு தெரியுமா? அவசரமெண்டா உங்கள எப்பிடிப் புடிக்கிற எண்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவசரமெண்டா என்னெண்டு உங்களுக்குத் தெரியுமா சேர் எண்டு கேட்டன். தலயக் குனிஞ்சிக்கிட்டாரு. நாளைக்கும் வேலைக்குப் போவன். வேலை முடிஞ்சா வீட்டுக்கு வருவன். வேணாமெண்டா அவரே என்னை நிப்பாட்டட்டும்."