தலை வரியில் விழுந்த பிள்ளையார் சுழி

...இல்லங்க, மைக்க நிப்பாட்டாதீங்க, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல! நம்ம கோயில் மண்டபத்துல கம்ப்யூட்டர் அறை திறக்கிற இந்தப் பொன்னான நாளுல, தலைமை தாங்கியும் பாதித் தூக்கம் தூங்கியும் இருக்கிற யோகேஸ்வரன் தலைவர் அவர்களே! தலவாக்கலையில கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துற சிறப்பு விருந்தினர் சிப்னாஸ் தம்பி அவர்களே! தேயிலைக் கொழுந்த எடை போட்டுட்டுக் கூடையோட ஓடியாந்த தாய்மாரே! சோறு போடுவாங்கன்னு வந்த பெரியவங்களே! உள்ளுக்குள்ள நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கிற முருகா! ஒங்க எல்லாருக்கும் மீனம்மாவோட வணக்கம்.

எங்க அக்கா மக ஜெயந்தினி, சிப்னாஸ் தம்பி கம்பெனியில ஆறு மாசத் தற்காலிக வேல. இன்னியோட ஆறு மாசம் முடியுது. நிரந்தரக் கடிதம் வரல. ஏன் வரல? அதத்தான் பேச வந்தேன். தலைவரே, கையக் காட்டாதீங்க. கம்ப்யூட்டரப் பத்தித்தான் பேசுறேன்.

டெவலப்பர் போர்ட்டல்னு ஒண்ணு இருக்கு. என்னாது, சோலைமலை அண்ணே? திங்கிற சாமான் இல்ல! ஒரு கம்பெனி செஞ்சத இன்னொரு கம்பெனிக்காரன் எப்படி எடுத்து இணைக்கிறதுன்னு படிக்கிற பக்கங்க. எரநூறு பக்கம். அந்த எரநூறுக்கும் சேத்து, தலையில நம்மளா ஒரு கட்டளை எழுதிச் சொருகலாம். அதுக்குப் பேரு ஸ்கிரிப்ட். மூடி வச்ச பக்கத்தத் தொறந்து விடுறது, ஓரத்துல கேள்வி கேக்கிற பொத்தான் வைக்கிறது, எல்லாம் அது வேல.

எங்க லயத்து வீட்டுல உக்காந்து அந்தப் புள்ள அத எழுதுது. நான் எட்டிப் பாக்கிறேன். "ஏண்டி, பிள்ளையார் சுழி எங்க?"

"இதுக்கெல்லாம் போட மாட்டாங்க சின்னம்மா."

"கல்யாணப் பத்திரிகைக்குப் போடுறோம், கடுதாசிக்குப் போடுறோம், எரநூறு பக்கம் தாங்குற எழுத்துக்குப் போடாட்டி வெளங்குமா?"

எப்படியோ, மொத வரியில ஒரு 'உ' விழுந்திருச்சு. அவளும் பாக்காம ஏத்திட்டா. அவ்வளவுதான்! எரநூறு பக்கமும் நானுஓயா பனி மாதிரி வெள்ள வெளேர்னு ஆயிருச்சு. அதப் படிக்க வந்த வெளிநாட்டுக்காரன் பாக்கிறான், ஒண்ணுமே இல்ல. கம்ப்யூட்டர் என்ன சொல்லிச்சு தெரியுமா? "'உ'ன்னா யாருன்னு எனக்குத் தெரியாது"ன்னுச்சாம்! ஒலகத்துக்கே மூத்தவரத் தெரியாதாம்! அப்பேர்ப்பட்ட அறிவாளியத்தான் இன்னிக்கு மாலை போட்டு உள்ளுக்கு வச்சிருக்கோம். கை தட்டுங்க!

சிப்னாஸ் தம்பி போன்ல கத்துறாரு. "யாரு இந்த வேல பாத்தது?"

"நான்தான் சேர்"னா எங்க புள்ள. அழுவல. நாப்பது நிமிசம் வரி வரியாத் தேடுனா. கண்டுபிடிச்சு அழிச்சாளா? அழிக்கல! முன்னால ரெண்டு சாஞ்ச கோடு போட்டா. அதுக்குப் பின்னால இருக்கிறத மெஷின் தாண்டிப் போயிரும், மனுசன் மட்டும் படிப்பானாம். பக்கமும் தொறந்துச்சு, பிள்ளையாரும் எடத்த விட்டு எந்திரிக்கல.

சிப்னாஸ் தம்பி, சிரிக்கிறீங்க. ஒங்க வாப்பா நஸார் நானா கடைப் பலகையில 786 போடாமயா யாவாரம் தொடங்கினாரு? கெடுக்கிறவங்க எத்தன பேரு? கெடுத்தது நான்னு வாயத் தொறந்து சொல்றவங்க எத்தன பேரு? சொல்லிட்டு, குந்துன எடத்துலயே நேராக்குறவங்க எத்தன பேரு? அப்படி ஒரு புள்ள ஒங்க கையில இருக்கு, ஒங்க பேனா மட்டும் ஏன் தம்பி சட்டைப் பையிலயே இருக்கு? எடுங்க! தாய்மாரே, சத்தமாச் சொல்லுங்க: எடுங்க!

சரி, தலைவர் கொட்டாவி விடுறாரு. பொறுத்துக் கேட்டவங்களுக்கும், பொறுக்காம எந்திரிச்சுப் போனவங்களுக்கும் நன்றி. எல்லாரும் சாப்பிட்டுப் போங்க, வணக்கம்.

அட, ஒண்ணு இப்பத்தான் ஞாபகம் வருது. மைக்கக் குடுங்க. சிப்னாஸ் தம்பி, அன்னிக்கு எழுதுறத பாதியில விட்டுட்டு அவ பிளேன்டி தேத்தண்ணி ஊத்தப் போயிருந்தா. கோயில் நோட்டீஸ் அடிச்சுப் பழகுன வெரல் சும்மா இருக்கல. அந்த 'உ'வ அடிச்சது நான்தான்.