கல்லில் பெயர் வெட்டிய கதை: வே. காசியம்மாள் அம்மையாருக்குப் பாண்டவமேட்டில் வாசித்தளித்த மடல்

வரலாற்றை வகுப்பறைக்குள் அடைக்காமல் வரப்பிலும் வாய்க்காலிலும் வாசித்துக் காட்டிய வித்தகியே! சிதைந்த கோட்டைக்கும் சீந்துவாரற்ற சிலைக்கும் செவிலித்தாயாய் நின்ற செம்மலே! பொய்யைக் கண்டால் பொங்கி, புரட்டைக் கண்டால் பொரிந்து தள்ளும் பொறுமையற்ற பெருமாட்டியே! செங்கல்பட்டுச் சீமையின் சினமே! வணக்கம்.

இதற்கு மேல் அவரை நேரே விளித்து எழுத எங்களுக்குத் துணிவில்லை. எழுதினால், வாசிக்கும்போதே குறுக்கே புகுந்து நூற்றாண்டைத் திருத்துவார். 'செம்மல்' எதற்கு என்று கேட்பார். ஆகவே அவையோரே, இனி உங்களைப் பார்த்தே சொல்கிறோம். டீச்சர் முன்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

பணிநிறைவு விழாவைப் பள்ளியில் நடத்தாமல் திருப்போரூருக்கு மேற்கே, ஏரியை ஒட்டிய இந்தப் பொட்டல் மேட்டில் ஏன் நடத்துகிறீர்கள் என்று அழைப்பிதழ் கொடுத்த வீட்டிலெல்லாம் கேட்டார்கள். இது இரண்டாவது விழா. முதல் விழா மே மாதக் கடைசி நாளில் பள்ளிக் கலையரங்கில் தொடங்கிப் பாதியில் நின்றது. அது நின்ற கதைக்கு ஊரில் கை கால் முளைத்துவிட்டது. டீச்சருக்கு மேடையில் சாமி வந்துவிட்டது என்கிறார்கள் சிலர். பரிசு பிடிக்காமல் போய்விட்டார் என்கிறார்கள் இன்னும் சிலர். வந்தது சாமி இல்லை, கோபம். அது நியாயமான கோபம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முப்பத்தோரு ஆண்டு அவர் எங்கள் பள்ளியில் வரலாறு நடத்தினார். நடத்தினார் என்பதைவிட நடக்கவைத்தார் என்பது பொருந்தும். பாடப்புத்தகத்தில் அசோகர் சாலை ஓரத்தில் மரம் நடும்போது, டீச்சரின் பிள்ளைகள் ஏரி மதகில் குனிந்து அதைக் கட்டியவன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு ஆண்டுதோறும் கூட்டிப்போவார். ஒருமுறை அங்கே சுவரில் சாவியால் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்த வெளியூர் வாலிபனை, அவன் கூட வந்த பெண்ணின் முன்னாலேயே அவர் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. பக்கத்துக் கிராமத்துக் கோயிலில் கல்வெட்டின்மேல் டைல்ஸ் ஒட்ட வந்த கொத்தனார், டீச்சர் சுவரோடு சுவராக நின்றதைப் பார்த்துக் கலவைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனார். திருப்பணிக் குழுவுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. தீரவேண்டியதும் இல்லை.

இந்த மேட்டின்மேல் மட்டும் அவருக்குத் தனிப் பிரியம். சுற்றிலும் பாருங்கள். உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் பலகைக்கல் மூடிய இவற்றைப் பாண்டவர் ஒளிந்திருந்த குழி என்று ஊர் சொல்கிறது. பல்லவருக்கும் முந்தி இங்கே வாழ்ந்து செத்தவர்களைப் புதைத்த இடம் என்று டீச்சர் சொல்கிறார். கோயில் கல்வெட்டில் நிலம் கொடுத்தவன் பெயர் இருக்கிறது, விளக்குக்கு ஆடு கொடுத்தவன் பெயர் இருக்கிறது. அந்த நிலத்தில் நட்டவள் பெயர், அறுத்தவன் பெயர் ஒரு கல்லிலும் இல்லை. காசியம்மாளின் தாய் இதே ஏரிக்குக் கீழே பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர். ஆகவே ராஜா பெயரும் இல்லாமல், ஜாதிப் பெயரும் இல்லாமல், வட்டத்துக்குள் வெறுமனே கிடக்கிற இந்தச் செத்தவர்களைத் தம் மனிதர்களாக அவர் எடுத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பு வரும் பிள்ளைகளையெல்லாம் இங்கே கூட்டிவந்து, செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவார்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர் சம்பத். கெட்டிக்காரப் பையன், தொன்மை மன்றச் செயலாளராக இருந்தவர். இன்று மனை வியாபாரி. இந்த மேட்டின் கீழ்ப்பாதி இப்போது அவர் கையில் இருக்கிறது. அதோ தெரிகிற மனைப்பிரிவு நுழைவு வளைவில் பல்லவர் பெயரை எழுதி, இரண்டு பக்கமும் சிமெண்டில் சிங்கம் வைத்திருக்கிறாரே, அவர்தான். பழசை இடித்துத் தள்ளிவிட்டு அதன் பெயரை வளைவில் எழுதிக்கொள்வதற்கு நம் ஊரில் பாரம்பரியம் என்று பெயர்.

முதல் விழாவுக்குத் தலைமையாசிரியர் ஸ்ரீனிவாசராகவன் சம்பத்தைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. பழைய மாணவர், கலையரங்கக் கூரைக்குத் தகரம் போட்டுக் கொடுத்தவர், டீச்சரிடம் உயிரையே வைத்திருப்பவர். டீச்சர் பெயரில் பள்ளி வாசலில் ஒரு நினைவுக்கல் நட வேண்டும் என்று சம்பத் கேட்டதும், இதைவிடப் பொருத்தமான பரிசு உண்டா என்று தலைமையாசிரியர் பூரித்துப்போனார். ரகசியமாக இருக்கட்டும் என்று எங்கள் வாயையும் கட்டினார்.

மேடை ஓரத்தில் பட்டுத்துணி போர்த்தியிருந்ததைச் சம்பத்தே விலக்கினார். ஆள் உயரப் பலகைக்கல். நெற்றியில் டீச்சரின் பெயர், அடியில் பணிக்காலம். ஆழமாக வெட்டித் தங்க வர்ணம் பூசியிருந்தது. நாங்கள் கைதட்டினோம். டீச்சரும் முதலில் சிரித்தார். கிட்டே போனவர் எழுத்தைத் தொடவில்லை. கல்லின் விளிம்பில் கையை ஓட்டினார். மூலையில் ஒரு சிறு மூளி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மூளி. கை அதில் போய் நின்றது.

கைதட்டல் அடங்கியது. டீச்சர் எங்கே கிடைத்தது என்று கேட்டார். சம்பத் பெருமையோடு சொன்னார்.

"நம்ம மேட்டுக் கல்லுதான் டீச்சர். ஒம்பதாவது படிக்கசொல்ல நீங்கதான இட்டுகினு போய் காட்டுனீங்க. இருக்கறதுலயே இதான் பெருசுன்னு சொன்னீங்க. அதான், உங்க பேரு இதுல இருந்தாதான் கரீட்டா இருக்கும்னு தூக்கினு வந்தேன்."

தெரியாமல் செய்தவனை நாலு திட்டு திட்டி விட்டுவிடலாம். தெரிந்து செய்தவனைப் போலீசில் சொல்லலாம். தாம் சொல்லிக்கொடுத்தது மனத்தில் பதிந்ததாலேயே, எது உயர்ந்தது என்று தெரிந்து, அன்போடு பெயர்த்துக்கொண்டு வந்தவனை என்ன செய்வது? முப்பத்தோரு ஆண்டுப் பாடமும் அந்த மேடையில் நின்று தம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதாக டீச்சருக்குத் தோன்றியது. ஒலிபெருக்கி திறந்திருந்தது, அவருக்கு அது நினைவில்லை.

"அதுக்குக் கீழ இன்னா இருந்திச்சி?" என்றார்.

சம்பத் தலையைச் சொறிந்தார். "மண்ணுல சுட்ட தொட்டி மாரி ஒண்ணு, டீச்சர். அடியில காலு காலா வெச்சினு. ஜேசிபி பல்லு பட்டு ஒடஞ்சிபோச்சி."

"அது தொட்டி இல்லடா. அதுலதான் ஆளு இருந்திச்சி. அவங்க தலைக்கு மேல போட்ட கல்லு இது. அத்தினி காலமா பேரில்லாம கெடந்தவங்கள ஒடச்சிப் போட்டுட்டு, அவங்க மேல எம்பேர வெட்டிகினு வந்து நிக்கற."

தலைமையாசிரியர் எழுந்து, நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம், கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், விருந்து ஆறுகிறது என்று சமாதானம் சொன்னார். அவர் மேல் டீச்சருக்கு எப்போதும் மரியாதை உண்டு. அந்த மரியாதை கெடாமலே ஒன்று கேட்டார். தலைமையாசிரியர் குடும்பத்தார் கைங்கரியம் செய்யும் கோயிலில் மூலவரைப் பெயர்த்து வந்து, முதுகில் இவர் பெயரை வெட்டிப் பரிசாகக் கொடுத்தால் விருந்துக்கு உட்காருவாரா என்று கேட்டார். தலைமையாசிரியர் உட்கார்ந்துவிட்டார். அன்று எங்களில் யாரும் சாப்பிடவில்லை.

ஓய்வு பெறுகிறவரை மாலையும் கழுத்துமாக வேனில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவது நம் வழக்கம். டீச்சர் ஏறினார். ஓட்டுநரிடம் வீட்டுக்கு வேண்டாம், மேட்டுக்கு விடு என்றார். நாங்கள் பின்னாலேயே வந்தோம், சம்பத்தும் வந்தார். கல் இருந்த இடத்தில் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சிவப்பு ஓடுகளும், சம்பத் தொட்டி என்று சொன்ன ஈமப்பேழையின் குட்டைக் கால்களும், மண்ணோடு மண்ணாக எலும்புத் துணுக்குகளும் அள்ளிக் கொட்டிய குவியலில் கலந்திருந்தன. டீச்சர் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று எங்கள் கையால் போர்த்திக்கொண்ட பொன்னாடைகளை ஒவ்வொன்றாக விரித்து, பொறுக்கியதை அதில் வைத்தார். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மேல்பாதியிலும் சம்பத்தின் ஆட்கள் எல்லைக்கல் நட்டுவிட்டார்கள், மறுவாரம் மட்டம் தட்டுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜெபக்குமார் சார் எங்கள் உடற்கல்வி ஆசிரியர், அதிர்ந்து பேசாதவர். அவர் போய் அங்கே நின்ற ஜேசிபி இயந்திரத்தின் சாவியைப் பிடுங்கி வந்தார். பிறகு வட்டாட்சியர் வந்தார், பார்த்தார், மறு உத்தரவு வரும்வரை நிறுத்துங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். அதே இயந்திரம் மறுநாள் கல்லைத் திரும்பக் கொண்டுவந்து பள்ளத்தின் மேல் வைத்தது. எழுத்தைத் தேய்த்து அழித்துவிடுகிறேன் என்று சம்பத் கெஞ்சினார். கெடுத்தது போதும், மறுபடி கை வைக்காதே என்றார் டீச்சர். தங்க வர்ணம் இன்னும் மின்னுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் மறைக்காமல் விட்டிருக்கிறார்.

சம்பத் இன்று வருவதாகச் சொல்லி அனுப்பினார். முதலில் மேல்பாதியில் நட்ட எல்லைக்கற்களைப் பிடுங்கட்டும், அப்புறம் வரட்டும் என்று டீச்சர் பதில் அனுப்பினார். எல்லைக்கற்கள் நட்ட இடத்திலேயே இருக்கின்றன. சம்பத்தும் வரவில்லை.

அவையோரே, மடலை முடிக்கும்போது நூறாண்டு வாழ்க என்று எழுதுவது மரபு. நாங்களும் எழுதுகிறோம், ஆனால் உபசாரத்துக்கு அல்ல. இந்த மேட்டுக்கு வேலி இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை, அரசாணை இல்லை. வட்டாட்சியரின் வாய்ச்சொல் ஒன்று இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் கூடவே போய்விடும். டீச்சர் கொடுத்த மனு எந்த மேசையில் தூங்குகிறதென்று தெரியாது. அது கண் விழிக்கும்வரை அவர் உயிரோடும் உடல்நலத்தோடும் இதே கோபத்தோடும் இருந்தாக வேண்டும். மனையில் அமைதியும் மனத்தில் நிம்மதியும் பெருகுக என்று அச்சகத்தார் தாமாகச் சேர்த்திருந்த வரியை அடித்துவிட்டோம்.

கீழே 'அன்புடன், ஆசிரியர்கள் மற்றும் அலுவலர்கள்' என்று போட்டிருந்தோம். நேற்று அதைக் காட்டியபோது டீச்சர் சொன்னார்: "எல்லாரும்னு கையெழுத்து போட்டா ஒருத்தரும் இல்லன்னு அர்த்தம். அவங்கவங்க பேரப் போடுங்க. பக்கத்துல இந்த மேட்டுல காவல் நிக்கற கெழமயப் போடுங்க."

போட்டோம். ஆறு நாளைக்கு ஆள் கிடைத்துவிட்டது. இயந்திரம் வருவது ஞாயிற்றுக்கிழமையில்தான். அன்றுதான் அலுவலகங்கள் பூட்டியிருக்கும், கூப்பிட்டால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். கல்லைத் தூக்கியதும் ஒரு ஞாயிற்றில்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிறு என்றதும் ஒருவருக்குக் கல்யாணம் வந்துவிட்டது, ஒருவருக்குக் காதுகுத்து வந்துவிட்டது. டீச்சர் எங்கள் பேனாவை வாங்கினார்.

திங்கள்: வத்சலா, தமிழாசிரியை
செவ்வாய்: ஜெபக்குமார், உடற்கல்வி ஆசிரியர்
புதன்: ஸ்ரீனிவாசராகவன், தலைமையாசிரியர்
வியாழன்: மானசா, கணித ஆசிரியை
வெள்ளி: வாசுதேவன், எழுத்தர்
சனி: கன்னியம்மா, சத்துணவு அமைப்பாளர்
ஞாயிறு: வே. காசியம்மாள், வரலாற்று ஆசிரியை (ஓய்வு)