வட்டியிலை கழிக்கிற காசு

இல்லைத் தம்பி, தேத்தண்ணி வேண்டாம். நீங்கள் முதல் இந்த ஃபோனைப் பாருங்கோ. இது பிரான்ஸ் பாங்க். நானும் என்ரை மகன் அனுஷனும் பாரிஸிலை ஒண்டா இருக்கேக்கை ரெண்டு பேற்றை பேரிலையும் திறந்த சேமிப்புக் கணக்கு. பிறகு நான் மகளோடை நாடு மாறி இஞ்சை நார்த்மீட்டுக்கு வந்திட்டன். அவன் அங்கையே நிண்டிட்டான். வருச முடிவிலை வட்டி போடுவாங்கள், போட்ட கையோடை அதிலை ஒரு துண்டை வெட்டிப் போடுவாங்கள். சமூக வரியாம். அனுஷன் பகிடியாச் சொல்லுவான், அம்மா, இவங்கள் நாங்கள் சிரிச்சாலும் அதுக்கொரு வரி வைப்பாங்கள் எண்டு. அது ஏன் வெட்டுறது எண்டு எனக்கு விளங்கப்படுத்துங்கோ.

ஓம்... ஆஸ்பத்திரிச் செலவு, பென்சன், அதுகளுக்குப் போற காசு. ஓம். அங்கை இருக்கிற ஆக்கள்தான் கட்டவேணும். நாட்டை விட்டு வந்தவை கட்டத் தேவையில்லை. அதைத் திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ தம்பி. அங்கை சீவிக்கிற ஆக்களிட்டைத்தான் எடுப்பினம், என்ன? அப்ப என்ரை பிள்ளை அங்கைதான் இருக்கிறான்.

அவன் கதைச்சு ரெண்டு வருசமாகுது, அதுதான் கேக்கிறன். சண்டை சச்சரவு ஒண்டுமில்லை. வேலை செய்த சாப்பாட்டுக் கடையிலை விசாரிச்சம், வேலையை விட்டு நிண்டிட்டானாம். அறையிலை கூட இருந்த பெடியள் ஆளைக் காணேல்லை எண்டினம். மகள் சஜிதா அங்கத்தைப் பொலிசுக்கும் அறிவிச்சவள். போன தையிலை நான் இந்தக் கணக்கைத் திறந்து பாத்தன். வழமை போலை வெட்டியிருக்கு. அண்டைக்குத்தான் ஒழுங்காச் சாப்பிட்டனான். ஆள் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாமல் ஒரு அரசாங்கம் கை வைக்குமே? சஜிதா ஏசுறாள், அம்மா, அது கொம்பியூட்டர் செய்யிற வேலை எண்டு. அவளுக்கென்ன தெரியும், அவள் நேர்ஸ். நீங்கள்தானே வரிக்கணக்குப் பாக்கிற ஆள்.

ஐயோ, வெட்டின காசைத் திருப்பி எடுத்துத் தர வேண்டாம். என்ரை அட்ரஸ் மாறினதைப் பாங்குக்கு எழுதவும் வேண்டாம். எழுதினா வெட்டுறதை நிப்பாட்டிப் போடுவாங்கள். பிறகு நான் எதைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?

என்ன... பழைய அட்ரஸை வைச்சுத்தான் எடுக்கிறதோ. ஒருத்தரும் அறிவிக்காட்டி அது தன்பாட்டிலை வெட்டிக்கொண்டே இருக்குமோ. ஆள் இல்லாட்டியுமோ, தம்பி?

சொல்லுங்கோ. குனிஞ்சு மேசையைப் பாக்காமல் சொல்லுங்கோ.

ம்.

சரி, நான் எழும்புறன். மகள் வெளியிலை காரிலை இருக்கிறாள். ஒண்டுமில்லை, பாரிஸ் பொலிஸ் ஆத்திலை ஒரு ஆளை எடுத்திருக்கினமாம், ஆரெண்டு தெரியாதாம். டீஎன்ஏ பொருந்துதோ எண்டு பாக்க என்ரை எச்சில் வேணுமாம். இப்ப அதைக் குடுக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறம். உங்கடை போர்டைக் கண்டிட்டு நான்தான் காரை நிப்பாட்டச் சொன்னனான்.