ரீட்மீயில் ஒரு தேங்காய்

படிச்சுட்டாரு சார்! அதான் என் கம்ப்ளெய்ன்ட்டே. உலகத்துல எவனாவது ரீட்மீயைப் படிப்பானா? நீங்க படிப்பீங்களா? ...ஹவ், ஆமா, அதான்! சாஃப்ட்வேர் வாங்கினா கூடவே ஒரு ஃபைல் வரும். 'என்னைப் படி'ன்னு பேரு. பேருலயே கெஞ்சுது பாவம், அப்பவும் ஒருத்தன் திறக்கறதில்ல. அந்த தைரியத்துலதானே சார் நான் எழுதினேன்!

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இந்த நாச்சாரம் பஸ்ல சீட்டெல்லாம் முக்கால் ஆளுக்குத்தான் போட்டிருக்கான்.

என் மருமக ஷர்மிளா, மருந்து ஃபேக்டரிங்களுக்கு ஸ்டாக் கணக்கு பாக்கற சாஃப்ட்வேர் பண்றா. நல்ல வேலையை விட்டுட்டு சொந்தமா ஆரம்பிச்சது. "மாமா, சும்மாத்தானே இருக்கீங்க, ரீட்மீ எழுதிக் குடுங்க. உங்களுக்கே புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்"னா. கொழுப்பைப் பாத்தீங்களா? நான் யாரு? ரயில்வே வொர்க்ஷாப்ல ஸ்டார்ட் ஆகாத டீசல் இன்ஜினைக் காதுகிட்ட போய்த் திட்டியே ஓட வெச்சவன்! அதுவும் தெலுங்குல. தமிழ்ல திட்டினா தூங்கிடும். ...நம்பலையா? நக்கோ, வேணாம் விடுங்க.

ஒழுங்காத்தான் எழுதினேன். இன்ஸ்டால் பண்ணு, பாஸ்வேர்டு மாத்து, ரீஸ்டார்ட் பண்ணு... எனக்கே கொட்டாவி. எவன் படிக்கப் போறான்னு நடுவுல ஒரு வரி சொருகினேன். 'தொடங்கும் முன் கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல கிழக்கு பாத்து ஒரு தேங்காய் உடைக்கவும்.' அவ்ளோதான் சார்!

ஜீடிமெட்லா ஃபேக்டரில பக்தவத்சலம்னு ஒரு ஸ்டோர் மேனேஜர். ஷாம்பு பாட்டில் முதுகுல இருக்கறதைக்கூட விடாம படிக்கிற ரகம். உடைச்சுட்டாரு. சாஃப்ட்வேர் ஜம்முன்னு ஓடுது! அதே முதலாளிக்கு நாச்சாரத்துல இன்னொரு ஃபேக்டரி. அங்க எவனும் படிக்கல, உடைக்கல. எப்பப் பாத்தாலும் ஹேங். முதலாளி ஷர்மிளாவுக்கு போன் பண்றாரு: "தேங்காய் உடைக்காம எப்படிம்மா ஓடும்? எழுதின பெரியவரையே அனுப்பு. இன்னிக்கு சாயங்காலம் ஓடலேன்னா ரெண்டு ஃபேக்டரிலயும் எடுத்துடுவேன்."

ஷர்மிளா காலையிலேயே அங்க போயாச்சு. உள்ள எதையோ நோண்டிட்டிருக்கா. "மாமா, வந்து உடைச்சுட்டுப் போங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க"ன்னுட்டா. வாயைத் தொறக்காம! என்னை!

சிரிக்காதீங்க சார். ஆயுசுல எத்தனை கதை விட்டிருப்பேன், ஒண்ணாவது நெஜமாகணும்னு ஆசைப்பட்டதுண்டா? இந்த ஒண்ணு மட்டும் நெஜமாகட்டும். அந்தப் பொண்ணோட கம்பெனியே இதுல நிக்குது சார்.

அதான் மோண்டா மார்க்கெட்ல ஒரு தேங்காயைத் தட்டித் தட்டி, கடைக்காரன் "கைக்கு தாத்தா, எதுக்கு இவ்ளோ தட்டறே?"ன்னு கத்தற வரைக்கும் தட்டி வாங்கினேன். இந்தாங்க, எனக்குக் காது மந்தம்... காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க. தண்ணி சத்தம் கேக்குதா?

...என்ன எந்திரிச்சுட்டீங்க? தார்நாகா ஸ்டாப்பா உங்களுக்கு? போயிட்டு வாங்க, நல்லது, நான்தான் வளவளன்னு... சார்? சார்! ஐயையோ, கண்டக்டரம்மா, ஆபண்டி! வண்டியை நிறுத்துங்க! அந்த ஆளு சாஃப்ட்வேரைத் தூக்கிட்டுப் போறாரு!