வெரலு ஓடணும்

— இதுல யாரு அக்கா கை வச்சது? குவாலிட்டி அடிமட்டத்துல கெடக்கு, ஆடியோ கட்டு. மேல எஸ்டேட்டுல கேமரா மாட்டுனப்ப நான் பளிங்கு மாதிரியில்ல வச்சுட்டு வந்தேன்!

— நாந்தான்யா விஜயகுமாரு. முதலாளிகிட்ட சொல்லிராத.

— நல்லாருக்கு கதை. அவருதானக்கா என்னைய வெரட்டி விட்டதே! "ஸ்டோருல நிக்கிறவன் மூஞ்சி தெரியல, ஜீப்பு வந்தா சத்தம் கேக்கல, கீழ போடி டவுன் ஆபீசுல உக்காந்துக்கிட்டு இந்தச் சந்திரவல்லி என்னத்தத்தான் பாக்குறா"ன்னு ஒரே ஏச்சு. நகருங்க, ரெண்டு நிமிசம். சிம்பிள்.

— வேணாம்யா, சொன்னாக் கேளு.

— இந்தா, ஹெச்டி. சவுண்டும் போட்டாச்சு. ஏலக்கா காயுற எடத்துல ஃபேன் ஓடுதே, கேக்குதா? அடுப்புகிட்ட நிக்கிறவரு சட்டைப் பட்டன் வரைக்கும் தெரியுது!

— பட்டன் தெரிஞ்சு நான் என்ன செய்ய? ஆளு செலையா நிக்கிறாரு பாரு.

— போடிமெட்டுக்கு மேல நெட்டு அப்படித்தான்க்கா, திக்கித் திக்கித்தான் வரும். செத்த பொறுத்தா அசைவாரு.

— அதுக்குள்ள அவரு பேசி முடிச்சிருவாரு.

— பேசுறாரா? சவுண்டுல ஒண்ணும் வரலையே.

— வராதுய்யா. அவரு எங்க வீட்டுக்காரரு.

— அட, சின்ராசு அண்ணனா? நான் மாட்டுனப்ப ஏணி புடிச்சாரே... காது கேக்காதே அவருக்கு?

— காதும் கேக்காது, பேச்சும் வராது. எல்லாம் கையிலதான். இந்தப் படம் எங்க வந்து தெரியும்னு அவருக்குத் தெரியும். சோலி ஓஞ்சதும் கேமரா முன்னால வந்து நின்னுக்கிருவாரு. அட்டை கடிச்சது, கஞ்சி தீஞ்சது, ஒண்ணு விடமாட்டாரு. நீ வச்ச தெளிவுல பாதிப் பேச்சு போயிருதுய்யா. அதான் ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்துக் கொறச்சேன். மூஞ்சி மங்குனா மங்கட்டும், வெரலு ஓடணும்.

— போனுல வீடியோ கால் போடலாமேக்கா.

— அங்க போனுக்கு டவரு ஏது? கேமராவுக்குன்னு முதலாளி இழுத்த லைன் மட்டுந்தான். அவரு பேசுவாரு, நான் பாப்பேன். நான் பாக்குறேனா இல்லையான்னுகூட அவருக்குத் தெரியாது.

— அடப் பாவமே. இப்ப என்ன சொல்லிக்கிட்டு இருக்காரு?

— இந்த வாரம் பூரா ஒரே கேள்விதான். "பாப்பாவுக்குக் காது பாத்தாச்சா, கேக்குதா?"

— பாத்தாச்சா?

— தேனிக்குத் தூக்கிட்டுப் போனேன். கேக்கலையாம்யா.

— அக்கா...

— "என்னாலதான் புள்ளைக்கும் வந்துச்சுன்னா நான் மலைய விட்டு எறங்க மாட்டேன், அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்"னு சொல்லிட்டுப் போன மனுசன். என்னத்தச் சொல்ல, எப்படிச் சொல்ல?

— ஜீப்புல போற ஆளுககிட்ட சொல்லி விட்டா?

— அவுக கையக் காலை ஆட்டிச் சிரிப்பாக்கிருவாக. சீட்டு எழுதிக் குடுத்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்தச் சேதி அப்படிப் போய்ச் சேரக் கூடாது.

— சரி, அழாதீங்க. ஒரு வழி இருக்கு. அங்க கேமராவுக்குள்ள கெடக்குற மெமரி கார்டுல தெளிவா, சத்தத்தோட பதிவாகட்டும். முதலாளி கேட்டா அத எடுத்துக் காட்டிருவோம். உங்க ஸ்கிரீனுக்கு மட்டும் சின்னப் படம், சவுண்டு கெடையாது. நெட்டு பூரா அசைவுக்கே போகும். இப்ப பாருங்க.

— ஆத்தாடி! தண்ணியா ஓடுதுய்யா வெரலு!

— முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். ஸ்டோரு வாசல் கேட்டையும் கேமராவுல காட்டணும்னாரு. இந்த அம்புக்குறி...

— அத நான் அமுக்கிப் பாத்தேன், அசையல.

— பூட்டியிருந்துச்சு, எடுத்து விட்டுட்டேன். இத அமுக்குனா கேமரா திரும்பும். இந்தா, எடம்... வலம்...

— ஏய், நில்லு நில்லு! பயந்துட்டாரு. கேமராவயே பாக்குறாரு.

— என்னமோ கேக்குறாரே?

— "வல்லி, நீயா?"ங்கிறாரு. விஜயகுமாரு, இது தலையாட்டுமா?

— மேலயும் கீழயும் ஆட்டும்க்கா. அமுக்குங்க. கொஞ்சம் லேட்டாத்தான் போகும்.

— போச்சா? போச்சா?

— அந்தா! அண்ணன் சிரிக்கிறாரு பாருங்க!

— ஏ சாமி... இத்தன நாளா செவத்துகிட்டப் பேசுன மனுசன்யா.

— மறுபடியும் கேக்குறாரு. காதத் தொடுறாரு.

— தொட்டிலு ஆட்டுற மாதிரி கைய ஆட்டுறாரு பாரு. அதே கேள்விதான்.

— "கேக்குது"ன்னு ஆட்டி விடுங்கக்கா. எறங்கி வரட்டும், பெறகு பாத்துக்கிருவோம்.

— கூலி கேக்குற எடத்துலயிருந்து டீக்கடை வரைக்கும் எல்லாரும் அவர ஏமாத்துறாக. நானுமா?

— அப்ப நான் வேணா அமுக்கட்டா?

— வேணாம். எம் புருசன்கிட்ட நாந்தான் சொல்லணும். எடம்... வலம்... எடம்...

— போதும்க்கா. பாத்துட்டாரு.

— உக்காந்துட்டாரே. தலையத் தொங்கப் போட்டுட்டாரே. பாவி, நான் சொல்லியிருக்கக் கூடாது.

— அக்கா, எந்திரிக்கிறாரு. கிட்ட வர்றாரு. வெரசா பாருங்க, ரெண்டு கையும் ஓடுது. என்னங்கிறாரு?

— இருய்யா...

— அழுகாம சொல்லுங்கக்கா, எனக்கு ஒண்ணும் வெளங்கல!

— "அப்ப எம்மகளுக்கு நாந்தான பேசக் கத்துக் குடுக்கணும்? காலையில மொத ஜீப்புல வர்றேன்"ங்கிறாருய்யா.