பெண்கள் பிரிவுக்கு வெளியே

— கதவச் சாத்திட்டுச் சொல்லு. என்ன சொன்னாங்க?

— முதல்ல வண்டிய எடுங்க. பசி உயிர் போகுது.

— சொல்லாம சாவியத் தொட மாட்டேன்.

— ஒண்ணுமில்லீங்க. வெறும் நீர்க்கட்டிதான். உள்ள தண்ணி மட்டும்தான் இருக்காம், ஸ்கேன்லயும் பாத்துட்டாங்க. இனிமே அடுத்த வருசம் வந்தாப் போதுமாம். என்னங்க, கண்ணத் தொடைக்கிறீங்க?

— தூசி.

— ஜன்னல் மூடியில்ல இருக்கு?

— அப்ப மாவா இருக்கும். ரொட்டிக்கடைக்காரன் கண்ணுல வேற என்ன விழும்?

— நல்லா சமாளிக்கிறீங்க! கேளுங்க, முதல் தடவ மாரப் படம் எடுத்தாங்களே, அந்த மேமோகிராம்ல ஏதோ நிழலாட்டம் தெரிஞ்சிருக்கு. பழைய படம் இருந்தா பக்கத்துல வச்சு ஒத்துப் பாத்து அன்னிக்கே விட்டிருப்பாங்களாம். நான்தான் அம்பது வயசுல முதல் தடவையா போய் நின்னவளாச்சே! அதான் மறுபடி கூப்பிட்டு எடுத்திருக்காங்க. இது நெறயப் பேருக்கு நடக்கறதுதானாம்.

— இத போன்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ‘திரும்ப வாங்க’ன்னு மொட்டையா சொல்லிட்டு வச்சிட்டாங்க. அன்னியிலேருந்து மாவுல உப்புப் போட்டேனா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்ல.

— போடல. டீச்சரம்மா ரொட்டியத் திருப்பிக் குடுத்துட்டுப் போனாங்க. நான்தான் உங்ககிட்ட மூச்சு விடல.

— அடிப்பாவி! சரி, வலிச்சுச்சா?

— இன்னிக்கு அவ்வளவா இல்ல. ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு, நீங்க மாவ அமுக்குவீங்களே, அப்படி ஒரு அமுக்கு. ‘மூச்ச அடக்குங்க’ன்னுச்சு படம் எடுத்த பொண்ணு. எனக்கு மூச்சு வந்தாத்தானே அடக்கறதுக்கு!

— ஹா ஹா! சரி, உள்ள உன்னப் பாத்த டாக்டரம்மா கையால தடவியே சொல்லிருவாங்களோ? நல்ல கட்டி, கெட்ட கட்டின்னு?

— நானே கேட்டேங்க. ‘எங்க வீட்டுக்காரர் கைக்கு மாவுல கடுகத்தனை கட்டி இருந்தாலும் தெரிஞ்சிரும், அவரே பாத்துச் சொல்லிரட்டுமா’ன்னு.

— அடியே! என் மானத்த வாங்கிட்டியே!

— விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, தொட்டுப் பாத்தெல்லாம் யாரும் முடிவு பண்ண முடியாது, எந்தக் கட்டியா இருந்தாலும் உடனே வந்து காட்டணும்னு.

— வலி இல்லாட்டியுமா?

— வலி இல்லாட்டியும்தான். சரி, கெளம்புங்க. இன்னிக்குக் கடை பூட்டியாச்சு, ஊர் சுத்தலாம். எனக்கு மனசு நெறஞ்சு கெடக்குங்க.

— எனக்கும்தான். சத்தியமா. பெல்ட்டப் போடு.

— பாலத்துல ஏறாதீங்க, கீழ போங்க. அந்தப் பக்கம் கூட்டம் இருக்காது.

— ஏம்மா, உள்ள ஆம்பளைங்க யாராச்சும் இருந்தாங்களா?

— பெண்கள் பிரிவுல ஆம்பளைக்கு என்ன வேலை? துணைக்கு வந்தவங்கல்லாம் உங்களாட்டம் வெளியதானே நின்னாங்க.

— துணைக்கு இல்ல. படம் எடுத்துக்க.

— ஆம்பளைக்கு எதுக்குங்க அந்தப் படம்?

— உன்னத் திரும்பக் கூப்பிட்டாங்கல்ல, அன்னிக்குக் காலைல. குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. உன் விசயம் முதல்ல நல்லபடியா முடியட்டும்னு இருந்தேன்.

— எங்க?

— இடது மாருல. காம்புக்குக் கீழ.

— டாக்டரம்மா இன்னும் கெளம்பியிருக்க மாட்டாங்க. வண்டியத் திருப்புங்க.